சிறிய கல்லூரி எந்தக் களத்தில் ஆட வேண்டும்?



இம்மாதம் நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் கல்லூரி விளையாட்டு. “விளையாட்டுத்தானே!” என்று எண்ணிப் பெற்றோர் எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஒரு கல்லூரி யாரோடு போட்டியிடுகிறது, அதற்காக எவ்வளவு செலவிடுகிறது, எந்த மாணவனை மைதானத்தில் இறக்குகிறது, எந்த மாணவியை ஓரத்தில் உட்கார வைக்கிறது என்பன எல்லாம் நம் இல்லத்துப் பிள்ளைகளின் வாழ்வைத் தொடும் கேள்விகள். உப்பூர், திருப்பாலைக்குடி, தேவிபட்டினம், தொண்டி முதலிய கடலோர ஊர்களிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பிள்ளைகள் பலர். உப்பளத்திலும் கடலிலும் மிளகாய்த் தோட்டத்திலும் உழைப்பவர்கள் அவர்களுடைய பெற்றோர். அப்பிள்ளைகளுக்குக் கல்லூரி கொடுக்கும் மூன்றாண்டுகளில் விளையாட்டுக்கு என்ன இடம் உண்டு என்பதை நாம் அறிந்திருப்பது நன்று.

கேள்வி இதுதான்: தன்னினும் பன்மடங்கு பெரிய கல்லூரிகளோடு மோதி ஆண்டுதோறும் தோற்றுவரும் ஒரு சிறிய கல்லூரி, அந்தக் களத்திலேயே நிற்க வேண்டுமா? அல்லது தன் அளவுக்கு ஏற்ற வேறொரு களத்துக்கு மாறிக்கொள்ளலாமா?

நம் நாட்டில் கல்லூரி விளையாட்டு எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முதலில் காண்போம். ஒரு பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகள் தமக்குள் போட்டியிடுகின்றன. அப்போட்டிகளில் திறமை காட்டியவர்களைத் தேர்ந்தெடுத்துப் பல்கலைக்கழக அணி அமைக்கப்படுகிறது. அந்த அணி தென்மண்டலப் போட்டிக்கும், அங்கே வென்றால் அகில இந்தியப் போட்டிக்கும் செல்கிறது. இவற்றை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியம் என்ற பெயரில் தொடங்கிய அமைப்பு இது. ஆக, ஒரு கல்லூரி யாரோடு ஆட வேண்டும் என்பதை அக்கல்லூரி தானாகத் தீர்மானிப்பதில்லை. அது எந்தப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருக்கிறதோ அந்த எல்லையே அதன் களமாகிறது.

அந்த எல்லையோ நம் தென்மாவட்டங்களில் பன்முறை மாறியிருக்கிறது. 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது, அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தின்கீழ் இருந்த தென்கோடிக் கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. 1978-இல் அது மதுரை காமராசர் பல்கலைக்கழகம் என்று பெயர் பெற்றது. 1985-இல் பழைய இராமநாதபுரம் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. அதே ஆண்டில் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகம் உருவாயிற்று. இன்று இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இரு மாவட்டங்களின் கலை, அறிவியல் கல்லூரிகள் அழகப்பா பல்கலைக்கழகத்தின் களத்தில் ஆடுகின்றன. 1990-இல் திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் தோன்றியது. 1923-இல் பாளையங்கோட்டையில் நிறுவப்பட்ட புனித சவேரியார் கல்லூரியை எண்ணிப் பாருங்கள். அதே வளாகத்தில் நின்றபடியே சென்னை, மதுரை, நெல்லை என்று மூன்று பல்கலைக்கழகங்களின் எல்லைக்குள் அது இருந்திருக்கிறது. கல்லூரி நகரவில்லை, களம் நகர்ந்தது.

இத்தகைய மாற்றத்தால் மாணவனுக்கு நேர்வது என்ன? இரண்டு நேர்கின்றன. முதலாவது நன்மை. பெரிய பல்கலைக்கழகத்தில் கைப்பந்து அணியின் பன்னிரண்டு இடங்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் வீரர்கள் போட்டியிடும்போது, கடலோரத்துச் சிறு கல்லூரியின் மாணவன் கண்ணில் படுவதே அரிது. எல்லை சுருங்கினால் அவனுக்கு வாய்ப்புப் பெருகுகிறது. பல்கலைக்கழகத்தின் சார்பில் மற்றப் பல்கலைக்கழகங்களோடு ஆடியவன் என்ற சான்றிதழ் வெறும் காகிதமன்று. மத்திய அரசுப் பணிகளில் விளையாட்டு வீரருக்குரிய தகுதியை அது அவனுக்குத் தருகிறது. ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிவது சில வேளைகளில் அச்சான்றிதழைப் பொறுத்தது.

இரண்டாவது நட்டம். வலியவரோடு மோதித்தான் வல்லமை வளரும். மதுரை நகரத்தின் பழம்பெரும் கல்லூரிகளோடு ஆண்டுதோறும் ஆடிய காலத்தில், தோல்வியிலும் ஒரு பயிற்சி இருந்தது. எல்லை சுருங்கியபின் அந்த உரைகல் இல்லை. உள்ளூரில் முதலிடம் பெற்றவன் மண்டலப் போட்டிக்குச் சென்று முதல் ஆட்டத்திலேயே திகைத்து நிற்கிறான். இந்த இரண்டையும் ஒருசேர நிறுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வருவது நியாயமாகாது.

நம் நாட்டில் அரசின் ஆணையால் நேர்ந்த இம்மாற்றத்தை, அமெரிக்க நாட்டில் கல்லூரிகள் தாமே விரும்பிச் செய்துகொள்கின்றன. அங்கே கல்லூரிகள் பலவாகக் கூடித் தமக்குள் ஆடுவதற்கென்று கூட்டமைப்புகளை அமைத்துக்கொள்கின்றன. அவற்றுக்கு மேலே மூன்று பிரிவுகள் உண்டு. முதற்பிரிவில் விளையாட்டுத் திறமைக்காகவே கல்வி உதவித்தொகை கொடுக்கலாம். மூன்றாம் பிரிவில் அது கூடாது. வறுமைக்கும் கல்வித் தகுதிக்கும் உதவி உண்டு, பந்தாடுவதற்கென்று உதவி இல்லை. எந்தக் கூட்டமைப்பில் இருப்பது, எந்தப் பிரிவில் ஆடுவது என்பது அந்நாட்டுக் கல்லூரி நிருவாகங்களை உறங்கவிடாத கேள்வி.

பென்சில்வேனியா மாநிலத்தின் மலைப்பகுதியில் லொரேட்டோ என்னும் சிற்றூர் உள்ளது. 1799-இல் அவ்வூரை நிறுவியவர் திமெத்ரியுஸ் கலிட்சின் என்ற குரு. உருசிய நாட்டு இளவரசராகப் பிறந்து, அப்பெருமையைத் துறந்து மறைப்பணிக்கு வந்தவர். அவ்வூரில் 1847-இல் அயர்லாந்து நாட்டிலிருந்து வந்த பிரான்சிஸ்கன் சபைச் சகோதரர்கள் தொடங்கிய கல்விக்கூடமே இன்றைய புனித பிரான்சிஸ் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் என்று பெயர் இருப்பினும் அளவில் அது சிறிய கல்லூரியே. 1981-இல் தொடங்கப்பட்டு இப்போது வடகிழக்குக் கூட்டமைப்பு என்று வழங்கும் குழுவில் தொடக்கம் முதலே அது உறுப்பு வகித்தது, முதற்பிரிவில் ஆடிவந்தது.

2025 மார்ச்சு மாதத்தில் அக்கல்லூரியின் கூடைப்பந்து அணி தன் கூட்டமைப்பில் வாகை சூடியது. 1991-க்குப் பிறகு முதன்முறையாகத் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றது. மார்ச்சு 18 அன்று அலபாமா மாநிலப் பல்கலைக்கழகத்தோடு மோதி, 70-க்கு 68 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது. ஊரே மகிழ்ந்திருந்த அந்த வேளையில், ஒரே வாரத்துக்குள், மார்ச்சு 25 அன்று நிருவாகக் குழு ஓர் அறிவிப்பை வெளியிட்டது. கல்லூரி முதற்பிரிவை விட்டு மூன்றாம் பிரிவுக்குச் செல்லும். 2026-27 கல்வியாண்டிலிருந்து, அண்மையிலுள்ள சிறு கல்லூரிகளைக் கொண்ட ‘தலைவர்கள் கூட்டமைப்பில்’ சேரும். கல்லூரித் தலைவர்களே விளையாட்டைத் தம் பொறுப்பில் வைத்திருக்க வேண்டும் என்ற நோக்கோடு 1955-இல் அமைக்கப்பட்டதால் அக்கூட்டமைப்புக்கு அப்பெயர்.

வென்ற கையோடு இறங்குவானேன் என்று பலர் வியந்தனர், சிலர் சினந்தனர். நிருவாகம் கூறிய காரணங்களைக் கேட்போம். வீரர்களுக்குக் கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கும் காலம் வந்துவிட்டது. 2025 ஜூன் 6 அன்று நீதிமன்றம் ஒப்புதல் அளித்த ஓர் உடன்பாட்டின்படி, முதற்பிரிவுக் கல்லூரி ஒன்று முதல் ஆண்டில் ஏறத்தாழ இரண்டு கோடியே ஐந்து இலட்சம் டாலர் வரை தன் வீரர்களுக்கு வழங்கலாம். நம் பணத்தில் அது 170 கோடி ரூபாய்க்கு மேல். இந்த உடன்பாடு வரப்போகிறது என்பது மார்ச்சு மாதத்திலேயே தெரிந்திருந்தது. மேலும், ஒரு வீரன் ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றுக்குத் தடையின்றி மாறிச் செல்ல வழி திறந்துவிட்டது. சிறிய கல்லூரி பயிற்றுவிக்கிறது. அவன் தேறியதும் பெரிய கல்லூரி அழைத்துச் செல்கிறது. நாற்றங்கால் ஒருவனுக்கு, அறுவடை மற்றொருவனுக்கு. இதற்கு நடுவே கூட்டமைப்பின் எல்லையும் சிக்காகோ நகரம்வரை நீண்டுவிட்டது. மாணவன் வகுப்பில் இருக்கும் நாள் குறைந்து, வண்டியில் இருக்கும் நாள் கூடியது.

காரணங்கள் வலுவானவையே. ஆயினும் எதிர்த்தரப்பின் வாதத்தை நாம் இலேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்கும் அதே கல்லூரியிலேயே ஒரு சான்று உண்டு.

மாரிஸ் ஸ்டோக்ஸ் என்னும் கறுப்பின இளைஞர் 1950-களின் தொடக்கத்தில் லொரேட்டோவில் படித்தார். பிட்ஸ்பர்க் நகர உழைப்பாளர் குடும்பத்துப் பிள்ளை. கூடைப்பந்துத் திறமைதான் கல்லூரிக் கதவை அவருக்குத் திறந்தது. 1955-இல் நியூயார்க்கில் நடந்த தேசிய அழைப்புப் போட்டியில் அவருடைய சிறிய கல்லூரி நான்காமிடமே பெற்றது. எனினும் போட்டியின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்ற சிறப்பு அவருக்கே கிடைத்தது. தொழில்முறை ஆட்டத்தில் நுழைந்த முதல் ஆண்டிலேயே சிறந்த புதிய வீரர் என்று தேர்ந்தெடுக்கப்பட்டார். 1958 மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டார். சில நாட்களில் உடல் செயலிழந்தது. அப்போது அவரோடு ஆடிய ஜாக் டுவைமன் என்ற வெள்ளையின இளைஞர், உறவினர் எவரும் அருகில் இல்லாத அந்த நோயாளிக்குச் சட்டப்படியான காப்பாளராகப் பொறுப்பேற்றார். மருத்துவச் செலவுக்காக ஆண்டுதோறும் உதவி ஆட்டம் நடத்தினார். 1970-இல் தம் 36-ஆம் வயதில் ஸ்டோக்ஸ் இறக்கும்வரை, பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நட்பு தளரவில்லை. லொரேட்டோவில் பிரான்சிஸ்கன் துறவியரின் கல்லறைத் தோட்டத்திலேயே ஸ்டோக்ஸ் அடக்கம் செய்யப்பட்டார்.

திறமைக்கு உதவித்தொகை கொடுக்கும் களத்தில் அக்கல்லூரி இல்லாதிருந்தால், அந்த ஏழை இளைஞர் அங்கே வந்திருப்பாரா? இது நியாயமான கேள்வி. களத்தை மாற்றும்போது செலவு குறைகிறது, உண்மை. அத்தோடு ஒரு கதவும் சாத்தப்படுகிறது. அந்தக் கதவின் வழியாக வந்திருக்கக்கூடியவன் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. ஆகவே, அக்கதவைச் சாத்தும் நிருவாகம் வேறொரு கதவைத் திறந்தாக வேண்டும். மிச்சமாகும் பணம் வறிய மாணவர்களின் கட்டணமாக மாறினால் அந்த முடிவு நேர்மையானது. கட்டடத்துக்கும் விளம்பரத்துக்கும் சென்றுவிட்டால் அது வெறும் சிக்கனமே.

களம் மாறுவது எப்போதும் இறங்குவதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2012 டிசம்பரில் ஏழு கத்தோலிக்கக் கல்வி நிறுவனங்கள், தாம் இருந்த பெரிய கிழக்குக் கூட்டமைப்பு கால்பந்துப் பணத்துக்காக உருக்குலைவதைக் கண்டு, ஒன்றாக வெளியேற முடிவெடுத்தன. ஜார்ஜ்டவுன், வில்லனோவா, மார்க்கெட் முதலியவை அவற்றுள் சில. கூடைப்பந்தையே முதன்மையாகக் கொண்டு, 2013-இல் அதே பழைய பெயரோடு புதிய கூட்டமைப்பை அமைத்துக்கொண்டன. அவற்றுள் ஒன்றாகிய வில்லனோவா 2016-இலும் 2018-இலும் தேசிய வாகை சூடியது. மறுபுறம், ஸ்போகேன் நகரிலுள்ள இயேசு சபையாரின் கொன்சாகா பல்கலைக்கழகம், 1979 முதல் இருந்துவந்த மேற்குக் கரைக் கூட்டமைப்பை விட்டு, பெரிய அரசுப் பல்கலைக்கழகங்கள் உள்ள கூட்டமைப்பில் 2026-இல் சேர்வதாக 2024 அக்டோபரில் அறிவித்தது. அந்தக் களத்துக்கு வேண்டிய ஆற்றலைப் பல ஆண்டுகளாக வளர்த்துக்கொண்டபின் எடுத்த முடிவு அது. ஒரே திருச்சபையின் கல்விக்கூடங்கள். ஒன்று இறங்குகிறது, ஏழு விலகுகின்றன, ஒன்று ஏறுகிறது. எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை என்பது இதனால் தெளிவாகும்.

விடை வேறுபடலாம், விடை காணும் அளவுகோல் ஒன்றாக இருக்கலாம் அல்லவா? அதை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

நம் பகுதிச் சிறு கல்லூரி ஒன்று பல்கலைக்கழகக் களத்தை மாற்றிக்கொள்ள இயலாதுதான். எனினும் அதன் கையில் உள்ள தீர்மானங்கள் பல. பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு அப்பால், மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் நடக்கும் அழைப்புப் போட்டிகளுக்கு அணி அனுப்புவதா? கோப்பைக்காக வெளிமாவட்டங்களிலிருந்து தேர்ந்த வீரர்களைக் கட்டணமின்றிச் சேர்த்துக்கொள்வதா? எட்டு விளையாட்டுகளுக்கு அணி வைப்பதா, ஒன்றிரண்டில் மட்டும் பணத்தைக் கொட்டுவதா? இவையே நம்மவர் முன்னுள்ள ‘களம் மாறும்’ கேள்விகள்.

முதலாவதாக, ஆடுபவர் யார் என்று பார்க்க வேண்டும். கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையை அணிந்தவர்கள் எல்லாரும் வெளியிலிருந்து வரவழைக்கப்பட்டவர்களாயின், கோப்பை கிடைக்கும். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகள் கைதட்டுவோராகவே மூன்றாண்டுகளைக் கழிப்பர். கபடியும் கைப்பந்தும் நம் கடலோரச் சிற்றூர்களில் மாலைதோறும் ஆடப்படுகின்றன. அந்த மணலில் ஆடுபவனைத் தேடிப் பிடித்துப் பயிற்றுவிப்பதே சிறிய கல்லூரியின் முதற்கடமை.

இரண்டாவதாக, செலவைச் சுமப்பவர் யார் என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வீரர்களையும் பொறுப்பாசிரியரையும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்கு அனுப்பினால் பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேரும். அந்தத் தொகை பெரும்பாலும் எல்லா மாணவரும் செலுத்தும் கட்டணத்திலிருந்தே வருகிறது. உப்பளத்தில் தட்டு சுமக்கும் தாய் செலுத்திய பணம் அது. அவருடைய மகளுக்கு மைதானத்தில் ஒரு மணி நேரமேனும் கிடைக்கிறதா என்று கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு.

மூன்றாவதாக, மாணவியரின் நிலையை எண்ண வேண்டும். மாலை ஐந்து மணிக்குமேல் பேருந்து கிடைப்பது அரிதான ஊர்களில், நெடுந்தொலைவுப் போட்டி என்றால் பெற்றோர் பெண்ணை அனுப்பத் தயங்குகின்றனர். அந்தத் தயக்கத்தைக் குறை கூறிப் பயனில்லை. காலையில் சென்று இருட்டுமுன் வீடு திரும்பக்கூடிய தொலைவில் போட்டி அமைந்தால், அவர்களே மகிழ்ந்து அனுப்புவர். இராமநாதபுரம், பரமக்குடி, திருவாடானை, தேவகோட்டை, காரைக்குடி ஆகிய ஊர்களில் உள்ள கல்லூரிகள் தமக்குள் ஒரு சிறு தொடர் போட்டியை ஏற்படுத்திக்கொண்டால் என்ன? பல்கலைக்கழகப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தோற்றால் அந்த ஆண்டே முடிந்தது. தொடர் போட்டியிலோ ஒவ்வோர் அணியும் பலமுறை ஆடும். தோற்றவர் அடுத்த வாரம் திருந்தி ஆட வாய்ப்புண்டு.

அவ்வாறாயின் பல்கலைக்கழகப் போட்டியைக் கைவிடலாமா? கூடாது. மேலே ஏறும் ஏணி அதுவே. சான்றிதழும் அதன் வழியாகவே வருகிறது. எத்தனை முறை தோற்றாலும் அங்கே அணி அனுப்புவதைச் சிறிய கல்லூரி நிறுத்தலாகாது. நம்மிடையே ஒரு ஸ்டோக்ஸ் தோன்றினால், அவனைப் பெரிய களத்துக்கு அனுப்பிவைக்கும் பெருந்தன்மையும் வேண்டும். அவனை நம் கோப்பைக்காகக் கட்டி வைப்பது அவனுக்குச் செய்யும் அநீதி.

ஆகவே எம் கருத்து இது. தோல்வியின் வெட்கத்தால் மட்டும் களத்தை மாற்றுவது தவறு. வெற்றியின் ஆசையால் மட்டும் பெரிய களத்தில் தொங்கிக்கொண்டிருப்பதும் தவறு. எந்தக் களத்தில் நம் சொந்தப் பிள்ளைகள் மிகுதியானோர் ஆட முடியுமோ, படிப்புக் கெடாமல் ஆட முடியுமோ, ஏழைக்குத் திறந்த கதவு சாத்தப்படாமல் ஆட முடியுமோ, அந்தக் களமே சிறிய கல்லூரிக்கு உரியது. அதன் பொருட்டு மாற வேண்டுமாயின், வென்ற ஆண்டிலேயே மாறினாலும் வெட்கமில்லை.

இதில் பழைய மாணவர்களுக்கும் ஒரு சொல். கனெக்டிகட் மாநிலத்திலுள்ள ஹார்ட்போர்டு பல்கலைக்கழகம், தேசியப் போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்ற அதே 2021-ஆம் ஆண்டில் மூன்றாம் பிரிவுக்கு இறங்க முடிவு செய்தபோது, எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. முன்னாள் மாணவர்களின் வருத்தம் இயல்பானது. தம் இளமையின் பெருமை குறைக்கப்பட்டதாக அவர்கள் உணர்ந்தனர். எனினும் கல்லூரி என்பது நேற்றுப் படித்தவர்களின் நினைவுச்சின்னமாக மட்டும் இருக்க முடியாது. இன்று படிப்பவர்களுக்கும் நாளை வருபவர்களுக்கும் அது கடன்பட்டிருக்கிறது. நிருவாகத்தாரும் ஒன்றை உணர வேண்டும். அறிவிப்பு வெளியானபின் மாணவரும் பெற்றோரும் செய்தித்தாளில் படித்து அறியும் நிலை வரலாகாது. முடிவுக்கு முன்னரே அவர்களை அழைத்துக் கணக்கைக் காட்டிக் கலந்து பேசினால், கசப்பான முடிவையும் அவர்கள் ஏற்பர்.

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதியபோது ஓட்டப்பந்தயத்தை உவமை காட்டினார். அந்நகருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்துவந்ததால் அவர்கள் அதை எளிதில் விளங்கிக்கொண்டனர். 2018 ஜூனில் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான திருப்பீட அவையும் விளையாட்டைப் பற்றித் தனியொரு ஏட்டை வெளியிட்டது. விளையாட்டு மனிதனை உருவாக்கும் பள்ளி என்பது திருச்சபைக்குப் புதிய செய்தியன்று.

பெற்றோர்களே, அடுத்த கல்வியாண்டில் பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும்போது, வரவேற்பறையில் அடுக்கிய கோப்பைகளைப் பாருங்கள், பார்த்து மகிழுங்கள். அதன்பின் உடற்கல்வி இயக்குநரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, சென்ற ஆண்டு இக்கல்லூரியில் எத்தனை பிள்ளைகள் மைதானத்தில் இறங்கி ஆடினார்கள்? அவர்களில் நம் ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்?” அவர் தரும் விடையிலிருந்து அக்கல்லூரி தன் களத்தைச் சரியாகத் தேர்ந்துள்ளதா என்பதை நீங்களே அறிந்துகொள்வீர்கள்.